காவலாளி ‘வேண்டாம்’ என்றார், கதவு திறந்தது



ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்வோம். வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். உள்ளே மேசையருகே ஓர் எழுத்தர் இருக்கிறார். எல்லா வீடுகளின் சாவிகளும் அவர் பொறுப்பில்தான். ஒருநாள் ஒருவர் வந்து, “முதல் வீட்டுக்காரர் நான்தான்” என்கிறார். அடையாள அட்டையைக் காட்டும்படி காவலாளி கேட்கிறார். வந்தவர் காட்டியது போலி அட்டை. காவலாளி அதைச் சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார். “இவர் அந்த வீட்டுக்காரர் இல்லை, உள்ளே விட வேண்டாம்” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எழுத்தருக்கு அனுப்புகிறார். எழுத்தரோ அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. “எந்த வீடு?” என்று வந்தவரிடமே கேட்கிறார். அவர் சொன்ன எண்ணுக்குரிய சாவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

இப்படியும் நடக்குமா என்று நாம் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இணைய உலகில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. அதுவும், இணையதளங்களைப் பாதுகாப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு மென்பொருளில் நடந்தது. அந்த நிகழ்வைச் சற்று நின்று சிந்திப்பது இன்றைய சூழலில் நம் எல்லாருக்கும் பயன்தரும். ஏனெனில், இன்று இணையதளம் இல்லாத பள்ளியோ, மருத்துவமனையோ, தொண்டு நிறுவனமோ அரிதாகி வருகிறது. பல பங்குகளும் சங்கங்களும்கூடத் தங்களுக்கென்று தளங்களை வைத்துள்ளன. அவற்றில் நம் பெயரும், கைப்பேசி எண்ணும், நம் பிள்ளைகளின் விவரங்களும் உள்ளன.

ஒட்டுப்போட்டுக் கட்டிய வீடு

நடந்ததைப் புரிந்துகொள்ள, இன்றைய இணையதளங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை முதலில் அறிவது நல்லது. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் ‘வேர்ட்பிரஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டனர். வலைப்பூ எழுதுவோருக்கென்று பிறந்த இந்த இலவச மென்பொருளில்தான் இன்று உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. கணினி மொழி தெரியாதவரும் ஒரே மாலையில் ஒரு தளத்தை உருவாக்கிவிட முடியும் என்பதே இதன் வெற்றிக்குக் காரணம்.

ஆனால், வேர்ட்பிரஸ் தருவது ஓர் அடிப்படை வீடு மட்டுமே. அதில் விண்ணப்பப் படிவம் வேண்டுமா? கடை நடத்த வேண்டுமா? படங்களை அழகாக அடுக்க வேண்டுமா? நன்கொடை பெற வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சிறு மென்பொருளை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். இதைத்தான் ‘ப்ளகின்’ என்கிறார்கள். தமிழில் ‘செருகுநிரல்’ என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. வேர்ட்பிரசின் அதிகாரப்பூர்வ அடைவில் மட்டும் ஏறத்தாழ 60,000 ப்ளகின்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சாதாரணத் தளத்திலேயே பத்து, இருபது ப்ளகின்கள் இருப்பது வழக்கம்.

இங்கே ஓர் உண்மையை நாம் மனதில் கொள்ள வேண்டும். வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வருபவருக்கு நாம் பணப்பெட்டியின் சாவியைக் கொடுப்பதில்லை. வேர்ட்பிரசிலோ அப்படிப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. படங்களை அழகாகக் காட்டும் ஒரு ப்ளகினும், தளத்தின் முழுத் தரவுத்தளத்தையும் படிக்கவும் மாற்றவும் வல்லமை உடையது. ஒரு ப்ளகினை இணைக்கும்போது, அதை எழுதியவரின் நேர்மையையும் கவனத்தையும் நாம் முழுமையாக நம்புகிறோம். பெரும்பாலும் அவர் யாரென்றே நமக்குத் தெரியாது.

இரண்டு கேள்விகள்

ஒரு தளத்தின் உள்ளே யாராவது ஏதாவது செய்ய முயலும்போது, அந்தத் தளம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் கேள்வி: “நீ யார்?” இரண்டாவது கேள்வி: “இதைச் செய்ய உனக்கு உரிமை உண்டா?”

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இவை வேறு வேறு கேள்விகள். ஒரு வங்கிக்குள் நுழையும் நம்மைக் காவலர் தடுப்பதில்லை. நமக்கு அங்கே கணக்கு இருக்கிறது. நம் அடையாளமும் உண்மையானது. அதனால் அடுத்தவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க நமக்கு உரிமை வந்துவிடுமா? பெட்டக அறைக்குள் போகலாமா? “நீ யார்?” என்பதற்குச் சரியான பதில் சொன்னவரிடமும், ஒவ்வொரு கதவிலும், ஒவ்வொரு முறையும், “இதற்கு உனக்கு அனுமதி உண்டா?” என்று கேட்டாக வேண்டும். இதைத்தான் கணினித் துறையினர் அணுகல் கட்டுப்பாடு என்கின்றனர்.

வேர்ட்பிரசில் இதற்கான ஏற்பாடு நன்றாகவே உள்ளது. சந்தாதாரர், பங்களிப்பாளர், எழுத்தாளர், பதிப்பாசிரியர், நிர்வாகி என்று ஐந்து படிநிலைகள் அதில் உண்டு. சந்தாதாரர் தன் விவரங்களை மட்டுமே மாற்றலாம். நிர்வாகி எதையும் செய்யலாம். ஆனால், புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு ப்ளகினும் புதிய கதவுகளைத் திறக்கிறது. அந்தக் கதவுகளில் இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டிய பொறுப்பு, அந்த ப்ளகினை எழுதியவரைச் சார்ந்தது. அவர் கேட்க மறந்தால், அவருக்குப் பதிலாக வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த மறதி எவ்வளவு எளிதில் நேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வேர்ட்பிரசில் ‘இஸ் அட்மின்’ என்று ஓர் ஆணை உண்டு. “இவர் நிர்வாகியா?” என்று கேட்பதுபோல் அதன் பெயர் ஒலிக்கிறது. உண்மையில் அது கேட்பது, “இந்த வேண்டுகோள் நிர்வாகப் பகுதியைச் சேர்ந்ததா?” என்பது மட்டுமே. அதாவது, வந்தவர் எந்த அறையின் வாசலில் நிற்கிறார் என்று பார்க்கிறது, அவர் யார் என்று பார்ப்பதில்லை. உரிமையைச் சோதிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வேர்ட்பிரசின் வழிகாட்டிகளே எச்சரிக்கின்றன. ஆயினும், பெயரை நம்பி ஏமாந்த ப்ளகின்கள் பல.

இன்னொரு வகை மறதியும் உண்டு. நிர்வாகிக்கு மட்டும் உரிய ஒரு பொத்தானை மற்றவர்களின் திரையில் காட்டாமல் மறைத்துவிடுவார்கள். கண்ணில் படாததால் யாரும் தொட மாட்டார்கள் என்பது எண்ணம். ஆனால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் உள்ள முகவரி தெரிந்தவர், பொத்தானே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடலாம். கதவின்மேல் திரைச்சீலை தொங்கவிடுவதற்கும், கதவைப் பூட்டுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

இந்தக் குறையின் அளவை ஒரு பட்டியல் காட்டுகிறது. ‘ஓவாஸ்ப்’ என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, இணையச் செயலிகளை அச்சுறுத்தும் பத்து முக்கிய ஆபத்துகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரிசைப்படுத்துகிறது. 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறை ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021ஆம் ஆண்டில் அது முதல் இடத்துக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அது முதல் இடத்திலேயே உள்ளது.

பூட்டே வாசலாகியபோது

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட நிகழ்வுக்கு வருவோம். ‘ரியலி சிம்பிள் செக்யூரிட்டி’ என்பது 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டிருந்த ஒரு பாதுகாப்பு ப்ளகின். அதில் ‘இரட்டைச் சரிபார்ப்பு’ என்ற வசதி சேர்க்கப்பட்டது. கடவுச்சொல் மட்டும் போதாது, மின்னஞ்சலுக்கு வரும் குறியீட்டையும் தர வேண்டும் என்ற ஏற்பாடு அது. நம் வங்கிகள் கேட்கும் ஓ.டி.பி. போன்றது. நல்ல வசதிதான்.

2024 நவம்பர் 6ஆம் தேதி, வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் அந்த வசதியில் ஒரு பெரும் ஓட்டையைக் கண்டறிந்தார். வருபவர் தரும் இரகசியக் குறியீடு சரியா என்று ஒரு நிரல் சோதித்தது. தவறு என்றால், “தவறு” என்று சரியாகவே பதிலும் அனுப்பியது. அடுத்த நிலையில் இருந்த நிரலோ, அந்தப் பதில் என்னவென்று பார்க்காமலே, வந்தவர் சொன்ன பயனர் எண்ணை வைத்து அவரை உள்ளே அனுமதித்தது. பெரும்பாலான தளங்களில் 1 என்ற எண்ணுக்குரியவர் நிர்வாகி. எனவே, கடவுச்சொல்லே தெரியாத ஒருவரும் நிர்வாகியாக உள்ளே நுழைய முடிந்தது. ஆபத்தின் அளவுகோலில் இதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் தரப்பட்டது.

இதில் மிகவும் வேதனைக்குரியது எது தெரியுமா? இரட்டைச் சரிபார்ப்பை இயக்காமல் விட்டிருந்த தளங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று அக்கறையோடு அதை இயக்கியவர்களுக்குத்தான் ஆபத்து.

அதே வேளையில் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செய்தி தெரிவிக்கப்பட்டதும் அந்த ப்ளகினை உருவாக்கியவர்கள் தாமதிக்கவில்லை. கட்டணப் பதிப்புக்கு நவம்பர் 12ஆம் தேதியும், இலவசப் பதிப்புக்கு 14ஆம் தேதியும் திருத்தம் வெளியானது. வேர்ட்பிரஸ் அமைப்பினரும் தள உரிமையாளர்களின் கைக்குக் காத்திராமல், இயன்ற தளங்களில் எல்லாம் அந்தத் திருத்தத்தைத் தாங்களே ஏற்றினர். தவறு நேர்ந்தது உண்மை. தவற்றை மறைக்காமல் விரைந்து திருத்தினார்கள் என்பதும் உண்மை.

தொடரும் கதை

இது ஏதோ ஒருமுறை நேர்ந்த விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். கடந்த சில ஆண்டுகளின் நிகழ்வுகளைத் திரும்பிப் பார்ப்போம்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்களின் விவரங்களைக் காப்பதற்கான சட்டம் அது. அதைக் கடைப்பிடிக்க உதவுவதாகச் சொன்ன ஒரு ப்ளகினை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவின. தளத்தின் அமைப்புகளை யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஓட்டை அதில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது வெளிப்பட்டது. தாக்கியவர்கள் இரண்டே மாற்றங்களைச் செய்தார்கள். “யாரும் பதிவு செய்யலாம்” என்று ஒரு மாற்றம். “புதிதாகப் பதிவு செய்பவர் நிர்வாகி” என்று இன்னொரு மாற்றம். அதன்பின் அவர்கள் பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை. முன்வாசல் வழியாகவே உரிமையோடு நுழைந்தார்கள்.

2020 செப்டம்பரில், ஏறத்தாழ 7 இலட்சம் தளங்களில் இருந்த ‘ஃபைல் மேனேஜர்’ என்ற ப்ளகினின் முறை. அதை உருவாக்கியவர்கள் வேறொரு மென்பொருள் தொகுப்பிலிருந்து எடுத்துச் சேர்த்த ஒரு மாதிரிக் கோப்பு, இயங்கும் நிலையிலேயே அதில் விடப்பட்டிருந்தது. அதற்குக் காவலே இல்லை. எவரும் தம் கோப்புகளைத் தளத்துக்குள் ஏற்றி இயக்க முடிந்தது. கட்டட வேலைக்கென்று வைத்த ஏணியை வேலை முடிந்த பின்பும் சுவரில் சாய்த்தே விட்டுவந்த கதை இது.

2023 மார்ச்சில், கடைகளுக்குப் பணம் செலுத்த உதவும் ‘வூகாமர்ஸ் பேமென்ட்ஸ்’ என்ற ப்ளகினில் ஓர் ஓட்டை தெரியவந்தது. வேண்டுகோளின் தலைப்பில், “நான் இன்ன எண்ணுள்ள பயனர்” என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும், அதை அப்படியே நம்பியது. அதே மாதத்தில் ‘எலிமென்டர் ப்ரோ’ என்ற புகழ்பெற்ற ப்ளகினிலும் குறை வெளிப்பட்டது. வூகாமர்ஸ் கடையுடன் சேர்த்து அதைப் பயன்படுத்திய தளங்களில், சாதாரண வாடிக்கையாளர் கணக்கு வைத்திருந்த எவரும் தளத்தின் அமைப்புகளை மாற்றிவிட முடிந்தது. அங்கே “நீ யார்?” என்று கேட்கப்பட்டது. “உனக்கு இதற்கு உரிமை உண்டா?” என்பது கேட்கப்படவே இல்லை.

2024 ஆகஸ்ட்டில், 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த ‘லைட்ஸ்பீட் கேஷ்’ என்ற ப்ளகினில் இரகசியக் குறியீடு ஒன்று பலவீனமாக அமைந்திருப்பது தெரிந்தது. அந்தக் குறியீட்டுக்கு மொத்தம் 10 இலட்சம் வாய்ப்புகள் மட்டுமே. நமக்கு அது பெரிய எண். ஓய்வின்றி முயலும் கணினிக்கு அது சில மணி நேரத்திலிருந்து சில நாள்கள் வரையிலான வேலை.

2025 அக்டோபரில் ‘போஸ்ட் எஸ்.எம்.டி.பி.’ என்ற ப்ளகினில் ஓட்டை. ஏறத்தாழ 4 இலட்சம் தளங்களில் அது இருந்தது. தளம் அனுப்பும் மின்னஞ்சல்களின் பதிவை, கணக்கே இல்லாத எவரும் படிக்க முடிந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதற்கான மின்னஞ்சலும் அந்தப் பதிவில் இருக்கும் அல்லவா? “கடவுச்சொல் மறந்துவிட்டது” என்று நிர்வாகியின் பெயரில் ஒரு வேண்டுகோள் அனுப்பி, வந்த அஞ்சலைப் பதிவில் படித்து, தளத்தையே கைப்பற்றிவிடலாம்.

ஏன் மீண்டும் மீண்டும்?

இந்த நிகழ்வுகளில் சிக்கியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். பின் ஏன் ஒரே தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது?

முதல் காரணம், இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது என்பதே. ஒரு படிவம் வேலை செய்யாவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஒரு கேள்வி கேட்கப்படாமல் விட்டுப்போனால் எதுவும் உடைவதில்லை. எல்லாமே நன்றாக இயங்கும். மேலும், ப்ளகினை எழுதுபவர் அதை எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்? பெரும்பாலும், நிர்வாகியாக உள்ளே நுழைந்துதான். அவருக்கு எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. திறக்க வேண்டியவையும் அவைதான். அதே கதவு தெருவில் போகிறவருக்கும் திறக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்குப் பூட்டப்படாத கதவுகள் தெரிவதில்லை. இது கணினிக்கு மட்டும் உரிய உண்மையா என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம், உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள இடைவெளி. இலட்சக்கணக்கான தளங்கள் நம்பியிருக்கும் சில ப்ளகின்களை ஒருவரோ இருவரோ தம் ஓய்வு நேரத்தில் இலவசமாகப் பராமரிக்கின்றனர். பயன்படுத்துவோர் புதிய வசதிகளைக் கேட்கின்றனர். “உங்கள் பூட்டுகள் உறுதியாக உள்ளனவா?” என்று கேட்பவர் அரிது. இலவசமாகப் பெறுவதைக் குறைகூற நாம் முந்துகிறோம். அதைத் தாங்கி நிற்பவரின் தோளை நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது காரணம், திருத்தம் வெளியான பின்பும் நாம் உறங்குவது. இது நம்மைச் சார்ந்தது. ஒரு திருத்தம் வெளியாகும் நாளில் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்த எவருக்கும் விளங்கிவிடும். எனவே, திருத்தம் வெளியாகும் நாள்தான் பந்தயம் தொடங்கும் நாள். 2025 ஏப்ரலில் ‘ஓட்டோகிட்’ என்ற ப்ளகினின் ஓட்டை வெளியிடப்பட்ட நான்கு மணி நேரத்துக்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. மறுபக்கம், ‘வூகாமர்ஸ் பேமென்ட்ஸ்’ ஓட்டைக்கு 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. நான்கு மாதம் கழித்து, ஜூலை 16ஆம் தேதி ஒரே நாளில் 1,57,000 தளங்களைக் குறிவைத்து 13 இலட்சம் தாக்குதல் முயற்சிகள் நடந்ததை வேர்ட்ஃபென்ஸ் பதிவு செய்தது. நான்கு மாதம் கடந்தும் திருத்திக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தானே அந்த முயற்சிகள் நடந்தன?

“எங்களிடம் திருட என்ன இருக்கிறது?”

சிறிய தளங்களை நடத்துவோர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. “நாங்கள் என்ன வங்கியா? எங்களை ஏன் தாக்கப் போகிறார்கள்?” என்று கேட்பார்கள். இந்த எண்ணத்தில் இரண்டு தவறுகள் உள்ளன.

முதலாவதாக, யாரும் நம்மைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. குறிப்பிட்ட ப்ளகினின் பழைய பதிப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடுகின்றன. அவற்றுக்குப் பெரிய தளம், சிறிய தளம் என்ற வேறுபாடு தெரியாது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு, எது குடிசை, எது மாளிகை என்பது முக்கியமில்லை. எது திறக்கிறது என்பதே முக்கியம்.

இரண்டாவதாக, நம்மிடம் திருட ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. ஒரு பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் குழந்தையின் பெயரும், பிறந்த நாளும், பெற்றோரின் எண்ணும் உள்ளன. ஒரு மருத்துவமனையின் முன்பதிவில் நோயாளியின் துன்பம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்தின் பட்டியலில் உதவி பெற்றவர்களின் பெயர்கள் உள்ளன. வெளியே தெரிய வேண்டாம் என்று அவர்கள் விரும்பியிருக்கலாம். இவை நம் உடைமைகள் அல்ல. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்தவை. ஒப்படைத்தவர்கள், எந்த ப்ளகின் பயன்படுத்துகிறீர்கள் என்று நம்மிடம் கேட்கவில்லை. கேட்கவும் அவர்களுக்குத் தெரியாது. நம் பெயரை நம்பிக் கொடுத்தார்கள்.

அதுமட்டுமன்று. கைப்பற்றப்பட்ட ஒரு தளம் தன் வாசகர்களையே ஏமாற்றும் கருவியாக மாறுகிறது. நம்பிக்கையோடு வரும் ஒரு முதியவர், அவர் அறியாமலே ஒரு மோசடித் தளத்துக்குத் திருப்பிவிடப்படுகிறார். அங்கே அவர் இழக்கும் பணத்தில் நம் அலட்சியத்துக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டின் சட்டமும் இதை இப்போது தெளிவாகச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணு வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைத் திரட்டுவோர் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் கால அவகாசம் தரப்பட்டுள்ளது. ஆயினும், அபராதத்துக்கு அஞ்சி மட்டும் செய்ய வேண்டிய காரியமா இது? அடுத்தவர் பொருளைக் காப்பது எந்தச் சட்டத்துக்கும் முந்தைய கடமை அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் நிபுணர்கள்தான் வேண்டும் என்று ஒதுங்கிவிடத் தேவையில்லை. ஒரு தளத்துக்குப் பொறுப்பான எவரும் செய்யக்கூடிய எளிய செயல்கள் சில உள்ளன.

1. எண்ணிப் பாருங்கள். உங்கள் தளத்தில் எத்தனை ப்ளகின்கள் உள்ளன? ஒவ்வொன்றும் எதற்கு? தேவையற்றதை நிறுத்தி வைத்தால் போதாது. நிறுத்திய பின்பும் அதன் கோப்புகள் வழங்கியில் இருந்துகொண்டே இருக்கும். அதை நீக்கிவிடுங்கள்.

2. தானாகவே புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள். 2020 ஆகஸ்ட்டில் வெளியான 5.5 பதிப்பு முதல் ப்ளகின்களுக்கும் இந்த வசதியை ஒரே சொடுக்கில் இயக்கலாம். அதே வேளையில், நீண்ட காலமாக எந்தத் திருத்தமும் வராத ப்ளகின் கைவிடப்பட்டதாக இருக்கலாம். அடைவிலிருந்து நீக்கப்பட்ட ப்ளகினும் உங்கள் தளத்திலிருந்து தானாக நீங்கிவிடாது. அவற்றுக்கு மாற்று தேடுங்கள்.

3. தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்க வேண்டாம். செய்தி எழுதுபவருக்கு எழுத்தாளர் நிலை போதும். வசதிக்காக எல்லாரையும் நிர்வாகிகளாக்கும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. தேவையில்லை என்றால், “யாரும் பதிவு செய்யலாம்” என்ற அமைப்பை மூடி வையுங்கள்.

4. மாதம் ஒருமுறை நிர்வாகிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அறிமுகமில்லாத பெயர் இருக்கிறதா? பணியிலிருந்து விலகியவரின் கணக்கு இன்னும் இருக்கிறதா?

5. தேவையற்ற விவரங்களைக் கேட்காதீர்கள். கேட்டவற்றையும் வேலை முடிந்தபின் வைத்திருக்காதீர்கள். நம்மிடம் இல்லாததை யாரும் திருட முடியாது.

6. தளத்தின் நகலை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அதைத் திரும்ப ஏற்ற முடிகிறதா என்று ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள்.

7. எல்லாவற்றுக்கும் மேலாக, “இந்தத் தளத்துக்கு யார் பொறுப்பு?” என்ற கேள்விக்கு ஒருவரின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் ஒரு விழாவை முன்னிட்டுத் தளத்தை உருவாக்கித் தருகிறார். பின் வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிடுகிறார். கடவுச்சொல் அவரோடு போய்விடுகிறது. தளம் மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ஆளில்லாத வீட்டில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதைப் போன்ற தளங்கள் எத்தனை எத்தனை!

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. மாதத்தில் அரை மணி நேரமும், கொஞ்சம் அக்கறையும் போதும். பணம் கொடுக்க வசதியுள்ள நிறுவனங்கள், தாங்கள் ஆண்டுக்கணக்கில் இலவசமாகப் பயன்படுத்தும் ப்ளகினை உருவாக்கியவர்களுக்குச் சிறிதளவாவது நிதி வழங்குவதும் நியாயமே. அந்த உதவி நம் பூட்டையும் உறுதிப்படுத்தும்.

நிறைவாக...

ப்ளகின்களே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. இலட்சக்கணக்கான எளிய மனிதர்களும் சிறு நிறுவனங்களும் பெரும் பணச் செலவின்றித் தங்கள் குரலை உலகுக்குச் சொல்ல வழிவகுத்தவை இவைதான். அந்த நன்மையை நாம் மறக்கலாகாது. நாம் விட்டுவிட வேண்டியது வேறொன்று. ஒரு பாதுகாப்புக் கருவியை வாங்கி வைத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணத்தைத்தான் விட வேண்டும். 40 இலட்சம் தளங்களின் பூட்டாக இருந்த ஒரு மென்பொருளே அவற்றுக்கு வாசலாக மாறக்கூடும் என்பதை 2024 நவம்பர் நமக்குக் காட்டிவிட்டது.

தொடக்கத்தில் நாம் கண்ட குடியிருப்பில் யார் தவறு செய்தது? காவலாளி தன் கடமையைச் செய்தார். போலி அட்டையைக் கண்டுபிடித்தார், எழுதியும் அனுப்பினார். சீட்டைப் பிரித்துப் பார்க்காத எழுத்தரிடம்தான் தவறு. இன்று நம் தளங்களின் நிர்வாகப் பக்கத்தில், “புதிய திருத்தம் வந்துள்ளது, ஏற்றுக்கொள்ளுங்கள்” என்ற அறிவிப்பு சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண்ணாகத் தெரிகிறது. அதுவும் யாரோ ஒரு காவலாளி நமக்கு எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுதான். அதைப் பிரித்துப் பார்க்கிறோமா, இல்லை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாவியை நீட்டுகிறோமா?

சிந்திப்போம். இன்றே நம் தளத்தைத் திறந்து பார்ப்போம்.